எட்டு கோர் இருந்தும் என் புரோகிராம் ஏன் வேகமாக ஓடவில்லை? 10 கிகாஹெர்ட்ஸில் ஒரே கோர் ஏன் வரவில்லை?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஒன்று போலத் தெரிந்தாலும் இதில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. பைத்தானில் எழுதிய ஒரு சிமுலேஷன், பழைய 4 கோர் டெஸ்க்டாப்பிலிருந்து 8 கோர், 16 திரெட் மெஷினுக்கு (கோர் என்பது பிராசசருக்குள் தனியாகக் கணக்கிடும் ஒரு பகுதி, இங்கே ஒவ்வொரு கோரும் திரெட் எனப்படும் இரண்டு வேலை ஓட்டங்களை ஏற்கும்) மாறியும் கொஞ்சம்தான் வேகம் கூடியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் சிபியு 6, 7 சதவீதத்தைத் தாண்டுவதே இல்லை. இது ஏன் என்பது முதல் கேள்வி. இத்தனை கோர்களைத் தருவதற்குப் பதில் 10 கிகாஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஆயிரம் கோடி கிளாக் துடிப்பில், ஒரே ஒரு கோரைத் தந்தால் என்ன என்பது இரண்டாவது. 16 கோருக்குப் போனால் தீருமா என்பது மூன்றாவது.

அந்த 6 சதவீதத்திலேயே பாதி பதில் இருக்கிறது. 100-ஐ 16-ஆல் வகுத்தால் 6.25. அதாவது உங்கள் புரோகிராம் ஒரே ஒரு திரெட்டில் மூச்சு முட்ட ஓடுகிறது, மற்ற பதினைந்தும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கின்றன. "சிபியு சும்மாதானே இருக்கிறது, பின் ஏன் மெதுவாகப் போகிறது" என்று பலர் குழம்புவது இந்த சராசரிக் கணக்கால்தான். டாஸ்க் மேனேஜரில் அந்த வரைபடத்தின் மேல் வலது கிளிக் செய்து ஒவ்வொரு லாஜிக்கல் பிராசசரையும் (அந்தப் பதினாறு திரெட் இடங்களில் ஒவ்வொன்றையும்) தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் ஒன்று மட்டும் உச்சியில் நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், விண்டோஸ் அந்தத் திரெட்டை அவ்வப்போது ஒரு கோரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு லாஜிக்கல் பிராசசருக்கு உண்டான வேலைதான் தேறும்.

இப்போது இரண்டாவது கேள்வி, இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும். பல கோர் என்பது யாரும் ஆசைப்பட்டுக் கேட்டு வந்ததல்ல. வேறு வழி அடைபட்டுப் போனதால் நம் தலையில் வந்து விழுந்தது.

1993-இல் வந்த முதல் பென்டியம் 60, 66 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. 2000 மார்ச்சில் ஏஎம்டியின் அத்லான் 1 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது, இன்டெலும் ஒன்றிரண்டு நாளில் தொட்டுவிட்டது. அதே ஆண்டு நவம்பரில் பென்டியம் 4 வந்தது, 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸில். 2004 முடிவதற்குள் 3.8. பதினோரு ஆண்டில் கிளாக் வேகம் மட்டும் ஏறக்குறைய 60 மடங்கு. அந்தக் காலத்தில் ஒரு சாஃப்ட்வேர் மெதுவாக ஓடினால் யாரும் பெரிதாகக் கவலைப்பட மாட்டார்கள், அடுத்த சிப் வந்தால் ஒரு வரியைக்கூட மாற்றாமல் அதுவே வேகமாக ஓடப்போகிறது. நம்மில் பலருக்கு "புதிய கம்ப்யூட்டர் என்றால் எல்லாமே வேகமாக ஓடும்" என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான்.

இந்த ஓட்டத்துக்குப் பின்னால் இருந்தது மூர் விதி மட்டும் இல்லை. மூர் விதி சொல்வது ஒரு சிப்பில் இருக்கும் டிரான்சிஸ்டர்கள் என்ற நுண்ணிய ஸ்விட்ச்களின் எண்ணிக்கை சுமார் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்பதைத்தான். கிளாக் வேகத்தைத் தூக்கியது ஐபிஎம்மின் ராபர்ட் டென்னார்டும் அவரது சகாக்களும் 1974-இல் கணக்குப் போட்டுக் காட்டிய இன்னொரு விஷயம். டிரான்சிஸ்டரின் நீள அகலத்தை 0.7 மடங்காகச் சுருக்குங்கள், கூடவே வோல்டேஜையும் 0.7 மடங்காகக் குறையுங்கள். பரப்பு பாதியாகும், அது மாறும் வேகம் சுமார் 1.4 மடங்காகும், ஒரு டிரான்சிஸ்டர் தின்னும் மின்திறனும் பாதியாகும். அதே இடத்தில் இரண்டு மடங்கு டிரான்சிஸ்டர்கள், 1.4 மடங்கு கிளாக், ஆனால் வெப்பம் அதேதான். இப்படி ஒரு சலுகை வேறு எந்தப் பொறியியல் துறைக்கும் இவ்வளவு காலம் கிடைத்ததாக எனக்குத் தெரியவில்லை.

இதில் முக்கியமான கண்ணி வோல்டேஜ். சிப் தின்னும் மின்திறன் கிளாக் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும், ஆனால் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். முதல் பென்டியம் 5 வோல்ட்டில் ஓடியது, அப்புறம் 3.3, அப்புறம் 2-க்குக் கீழே, 2004 வாக்கில் 1.3-ஐ ஒட்டி. அங்கே போய் நின்றுவிட்டது. ஏனென்றால் வோல்டேஜைக் குறைக்கும்போது டிரான்சிஸ்டர் திறக்கும் வரம்பையும் கூடவே குறைக்க வேண்டும், அந்த வரம்பை வெறும் 0.1 வோல்ட் குறைத்தாலே மூடியிருக்கும் டிரான்சிஸ்டர் வழியாகக் கசியும் மின்னோட்டம் ஏறத்தாழ பத்து மடங்கு கூடும். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதே சிப் சூடாகிக்கொண்டிருக்கும். இருபது வருடம் கழித்து இன்றைக்கும் டெஸ்க்டாப் பிராசசர்கள் முழு வேகத்தில் 1 வோல்ட்டுக்கு மேலேதான் ஓடுகின்றன, பார்த்துக்கொள்ளுங்கள்.

வரப்போகும் ஆபத்து தெரியாமலும் இல்லை. இன்டெலின் பாட் கெல்சிங்கர் 2001-இல் ஒரு மாநாட்டில், இதே போக்கு நீடித்தால் சிப்பின் ஒரு சதுர சென்டிமீட்டர் வெளியிடும் வெப்பம் அணு உலையை எட்டும், அப்புறம் ராக்கெட்டின் வால் முனையை, கடைசியில் சூரியனின் மேற்பரப்பையே எட்டிவிடும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால் அதே இன்டெல்தான் அப்போது பென்டியம் 4-இன் வடிவமைப்பை 10 கிகாஹெர்ட்ஸ் வரை கொண்டுபோகலாம் என்றும் சொல்லிக்கொண்டிருந்தது. நீங்கள் கேட்கும் அந்த 10 உண்மையிலேயே ஒரு கம்பெனியின் திட்டத்தில் இருந்த எண்.

அதற்காக அவர்கள் செய்தது பைப்லைனை நீட்டுவது. ஒரு கட்டளையை முடிக்கும் வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக வெட்டினால் ஒவ்வொரு படியும் சீக்கிரம் முடியும், கிளாக்கை ஏற்றலாம். முதல் பென்டியம் 4-இல் 20 படிகள். 2004 பிப்ரவரியில் வந்த பிரஸ்காட் என்ற அதன் புதிய பதிப்பில் 31. ஆனால் புரோகிராமில் எந்தக் கிளைக்குப் போகும் என்று பிராசசர் முன்கூட்டியே ஊகித்தது தப்பினால் பைப்லைனில் இருக்கும் அரைகுறை வேலை மொத்தத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி தொடங்க வேண்டும், 31 படி என்றால் அந்தத் தண்டனையும் பெரிது. கிளாக் எண் பெட்டியின் மேல் அழகாக இருந்தது, ஆனால் ஒரு கிளாக்கில் நடக்கும் வேலை குறைந்துபோனது. பிரஸ்காட் நன்றாகச் சூடும் ஆனது. அடுத்து வரவிருந்த தேஜாஸ் என்ற சிப்பை 2004 மே மாதம் கைவிட்டார்கள், அக்டோபரில் 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4-ஐயும் கைவிட்டார்கள். 10-ஐ நோக்கிக் கிளம்பிய வண்டி 3.8-இல் நின்றது.

சரி, டிரான்சிஸ்டர்கள் மட்டும் இன்னும் பெருகிக்கொண்டே இருக்கின்றன, அவற்றை என்ன செய்வது? இங்கே ஒரு சின்னக் கணக்கு. கிளாக்கை 20 சதவீதம் குறைத்தால் வோல்டேஜையும் ஏறக்குறைய அதே அளவு குறைக்க இடம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்திறன் 0.8-இன் மும்மடி, அதாவது 0.51. பாதி. ஆக ஒரு கோர் தின்ற மின்சாரத்தில் 80 சதவீத வேகமுள்ள இரண்டு கோர்களை ஓட்டலாம், மொத்த வேலைத் திறன் 1.6 மடங்கு. இன்னொரு பக்கம், அதே டிரான்சிஸ்டர்களையெல்லாம் ஒரே கோருக்குள் கொட்டினால் என்ன கிடைக்கும்? இன்டெலின் ஃபிரெட் பொல்லாக் பெயரில் வழங்கும் அனுபவ விதி ஒன்று உண்டு, கோரின் சிக்கலை இரண்டு மடங்காக்கினால் வேகம் இரண்டின் வர்க்கமூலம் அளவுக்குத்தான், அதாவது சுமார் 40 சதவீதம்தான் கூடும் என்று. 1.6 என்பது வேலையை இரண்டாகப் பிரிக்க முடிந்தால் மட்டும் என்ற நிபந்தனையைச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டுத்தான் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

ஒரே சிலிக்கானில் இரண்டு கோர் என்பதை 2001-லேயே ஐபிஎம் தன் பவர்4 சிப்பில் செய்துவிட்டது, ஆனால் அது சர்வருக்கு. டெஸ்க்டாப்புக்கு 2005 மே மாதம் இன்டெலின் பென்டியம் டி-யும் ஏஎம்டியின் அத்லான் 64 எக்ஸ்2-வும் வந்தன. பென்டியம் டி அவசரத்தில் செய்தது என்பது பார்த்தாலே தெரியும். இரண்டு பிரஸ்காட்களை அக்கம்பக்கத்தில் வைத்துவிட்டார்கள், ஒரு கோர் இன்னொன்றிடம் பேச வேண்டுமென்றால் சிப்பை விட்டு வெளியே போய் மதர்போர்டு பஸ் வழியாகச் சுற்றி வர வேண்டும். ஏஎம்டியில் அந்தப் பேச்சு சிப்புக்குள்ளேயே நடந்தது. 2006 ஜூலையில் கோர் 2 டுவோ வந்தபிறகுதான் இன்டெல் மூச்சுவிட்டது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கோர் 2 டுவோ 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் டி-க்களைத் தோற்கடித்தது, அதுவும் பாதி மின்சாரத்தில். கிகாஹெர்ட்ஸை வைத்து வேகத்தை அளக்கும் பழக்கம் அன்றைக்கே செத்திருக்க வேண்டும், இன்னும் சாகவில்லை.

அதற்கு முன்பும் வீட்டு மேசையில் இரண்டு பிராசசர் வைத்தவர்கள் உண்டு. 1995-இல் வந்த பீபாக்ஸ் கம்ப்யூட்டரில் 66 மெகாஹெர்ட்ஸ் பவர்பிசி பிராசசர் இரண்டு. 1999-இல் அபிட் பிபி6 என்ற மதர்போர்டு வந்தது. இரண்டு பிராசசர் போடும் உரிமையை இன்டெல் விலை உயர்ந்த சிப்களுக்கு என்று வைத்திருந்தபோது, மலிவான செலரான் இரண்டை அதில் போட்டு ஓட்டலாம், இன்டெலுக்கு அதில் சந்தோஷமே இல்லை. ஆனால் அதன் மேல் விண்டோஸ் 98-ஐப் போட்டால் இரண்டாவது பிராசசரை அது கண்டுகொள்ளவே கொள்ளாது. விண்டோஸ் என்டி வேண்டும், இல்லை லினக்ஸ் வேண்டும். லினக்ஸ் 1996-இல் 2.0 பதிப்பிலேயே பல பிராசசர்களை ஏற்றுக்கொண்டது, என்ன, கெர்னல் என்ற மையப் பகுதிக்குள் ஒரு நேரத்தில் ஒரு பிராசசர்தான் நுழைய முடியும் என்று மொத்தத்துக்கும் ஒரே பூட்டு. அந்தப் பெரிய பூட்டை மிச்சமில்லாமல் எடுத்துப்போட 2011 வரை ஆனது. ஒரு புரோகிராமைப் பல பிராசசருக்குப் பிரித்து எழுதுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி உங்கள் சிமுலேஷனுக்கு வருவோம். ஐபிஎம்மின் சிஸ்டம் 360 கம்ப்யூட்டரை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான ஜீன் ஆம்டால் 1967-லேயே சொன்ன விஷயம்தான். வேலையில் எவ்வளவு பகுதியைப் பிரிக்கவே முடியாதோ அதுதான் உச்ச வரம்பைத் தீர்மானிக்கும். உங்கள் புரோகிராமில் 75 சதவீதத்தைப் பிரிக்கலாம் என்று வைத்துக்கொண்டால் 8 கோரில் சுமார் 2.9 மடங்கு வேகம், 16 கோரில் 3.4, ஆயிரம் கோர் கொடுத்தாலும் 4-ஐத் தாண்டாது. 90 சதவீதம் என்றால் 16 கோரில் 6.4, உச்சம் 10. உங்களுடையது இப்போது பூஜ்ய சதவீதம், எனவே எத்தனை கோர் வாங்கினாலும் 1.

ஆபரேட்டிங் சிஸ்டமோ, கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரோ தானே பிரித்துக் கொடுக்கக் கூடாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். சிமுலேஷனில் ஒவ்வொரு காலப்படியும் முந்தைய படியின் விடையிலிருந்து தொடங்குகிறது. விடை வராமல் அடுத்தது தொடங்காது. ஒரே ஊசியில் எட்டுப் பேர் சேர்ந்து நூல் கோர்த்தால் மட்டும் சீக்கிரம் முடிந்துவிடுமா? ஒரு படிக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான துகள்களை வேண்டுமானால் பங்கு போடலாம், ஆனால் எந்தத் துகள் எதைப் பாதிக்கும் என்பது எழுதிய உங்களுக்குத் தெரியும், கம்பைலருக்குத் தெரியாது. தெரியாதபோது தப்பான விடை தருவதைவிட மெதுவான விடை தருவதையே அது தேர்ந்தெடுக்கும், அதுதான் சரியும்கூட.

பைத்தானில் இன்னொரு தடையும் உண்டு. வழக்கமான பைத்தானில் நீங்கள் 16 திரெட் உருவாக்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் பைத்தான் கோடை இயக்கும், ஜிஐஎல் என்ற பூட்டு அப்படி. 2024 அக்டோபரில் வந்த 3.13-இல் இந்தப் பூட்டு இல்லாத பதிப்பைச் சோதனை முறையில் தந்தார்கள், ஆனால் சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் கிடைப்பது பூட்டு உள்ளதுதான். எனவே யாராவது "திரெடிங் போட்டுப் பாருங்கள்" என்றால் கணக்குப் போடும் வேலைக்கு அது உதவாது. ஃபைலுக்கோ நெட்வொர்க்குக்கோ காத்திருக்கும் வேலைக்குத்தான் உதவும்.

சி, சி++ போன்றவற்றில் சரியாகப் பிரித்து எழுதியவர்களையும் சிப் வேறு விதமாகக் காலைவாரும். ஒவ்வொரு கோருக்கும் சொந்தக் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவை வைக்கும் சின்ன, வேகமான மெமரி) உண்டு, பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்களில் அது 64 பைட் துண்டுகளாகத்தான் டேட்டாவை எடுக்கும். இரண்டு திரெட்கள் இரண்டு தனித்தனிக் கவுன்டர்களை ஏற்றிக்கொண்டிருக்கின்றன, ஒன்றை ஒன்று தொடவே இல்லை, ஆனால் இரண்டு கவுன்டரும் ஒரே 64 பைட்டுக்குள் அமர்ந்துவிட்டால் அந்தத் துண்டு இரண்டு கோருக்கும் நடுவே ஓயாமல் இழுபடும். ஒரே திரெட்டில் ஓடியதைவிட மெதுவாகப் போய்விடக்கூட வாய்ப்புண்டு. கோடைப் படித்துப் பார்த்தால் ஒரு பிழையும் கண்ணில் படாது, அதனால்தான் இது இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

மெமரி விஷயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் 10 கிகாஹெர்ட்ஸ் ஆசைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. ரேமிலிருந்து ஒரு மதிப்பை எடுக்க 80 நானோசெகண்ட் ஆகிறது என்று வையுங்கள், இன்றைய மெஷின்களில் சாதாரணமான அளவுதான். 5 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 400 கிளாக் காத்திருப்பு. யாரோ மந்திரம் போட்டு 10 கிகாஹெர்ட்ஸ் கோரைத் தந்தால் அது 800 கிளாக் காத்திருக்கும், கடிகாரத்தில் அதே 80 நானோசெகண்ட். மெமரியில் அங்கும் இங்கும் தாவும் புரோகிராமுக்கு அந்த 10 பெரிதாக எதையும் செய்யாது. 2022 ஏப்ரலில் ஏஎம்டி வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி இதை நன்றாகக் காட்டியது. அதன் உச்ச கிளாக் சாதாரண 5800எக்ஸைவிடக் குறைவு, 4.7-க்குப் பதில் 4.5. ஆனால் எல்லாக் கோர்களும் பகிர்ந்துகொள்ளும் எல்3 கேஷ் 32-க்குப் பதில் 96 எம்பி. பெரும்பாலான கேம்களில் அது அண்ணனை முந்தியது.

ஒற்றைக் கோர் வேகம் 2004-இல் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. கிளாக் கொஞ்சம்தான் ஏறியது, கடையில் கிடைக்கும் டெஸ்க்டாப் சிப் 6 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது 2023 ஜனவரியில்தான், இன்டெலின் 13900கேஎஸ். திரவ ஹீலியம் ஊற்றிக் குளிரவைத்து 9-ஐத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள், அது வீட்டில் வைத்துக்கொள்ளும் சமாச்சாரம் இல்லை. ஆனால் ஒரு கிளாக்கில் முடிக்கும் கட்டளைகள் நிறையவே கூடியிருக்கின்றன. பெரிய கேஷ், நல்ல ஊகம், ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான கட்டளைகளைக் கையில் வைத்துக்கொண்டு எது தயாரோ அதை முதலில் முடிக்கும் திறமை. அந்த ஊகத்துக்கும் ஒரு விலை இருந்தது என்பது 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற பாதுகாப்பு ஓட்டைகள் வெளியானபோது தெரிந்தது, அது தனிக் கதை. உங்கள் புதிய மெஷின் "கொஞ்சம்" வேகமாக ஓடியது முழுக்க இந்த ஒற்றைக் கோர் முன்னேற்றத்தால்தான். கூடுதலாக வந்த நான்கு கோர்களுக்கு அதில் பங்கே இல்லை.

அப்படியானால் டெஸ்க்டாப்பில் 16 கோர், 2020-இல் வந்த ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 3990எக்ஸ் மாதிரி 64 கோர் எல்லாம் யாருக்கு? பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் ரெண்டர் செய்பவர்களுக்கு, வீடியோ என்கோடு செய்பவர்களுக்கு, பெரிய சி++ புராஜெக்ட்டைக் கம்பைல் செய்பவர்களுக்கு. படத்தின் ஒவ்வொரு பகுதியும், ஒவ்வொரு சோர்ஸ் ஃபைலும் மற்றதைக் கேட்காமல் தனியாக முடியும். பிரவுசர், டாக்குமென்ட், ஆன்டிவைரஸ் என்று பத்து வேலைகள் சேர்ந்து ஓடும் சாதாரண மேசைக்கும் நான்கு, ஆறு கோர் நிம்மதி தரும். அதற்கு மேல் பெரும்பாலானோர் வாங்குவது விளம்பரத்தை. இன்னொன்று, 2021 கடைசியில் வந்த ஆல்டர் லேக் தலைமுறை முதல் இன்டெலில் கோர் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது. அந்தத் தலைமுறையின் 12900கே-யில் இருக்கும் 16 கோர்களில் 8 பெரியவை, 8 சிறியவை, இரண்டும் ஒரே வேகம் இல்லை.

உங்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் பைத்தானோடு வரும் நேரம் அளக்கும் கருவியான சிப்ரொஃபைலில் (cProfile) ஓட்டி நேரம் எங்கே போகிறது என்று பாருங்கள். சுத்தப் பைத்தான் லூப்பில் போகிறது என்றால் அதை வேகமாகக் கணக்கிடும் பைத்தான் லைப்ரரிகளான நம்பையிலோ (NumPy) நம்பாவிலோ (Numba) மாற்றினாலே பத்து மடங்குக்கு மேல் கிடைப்பது சாதாரணம், எந்தப் பிராசசரும் காசுக்கு அதைத் தராது. அப்புறம், ஒரே சிமுலேஷனை வெவ்வேறு அளவுகளை வைத்துப் பல முறை ஓட்டுகிறீர்களா? பெரும்பாலான சிமுலேஷன்கள் அப்படித்தான். அப்படியென்றால் ஒரு ரன்னைப் பிரிக்க மண்டையை உடைத்துக்கொள்ளாமல் பைத்தானின் மல்டிபிராசசிங் (multiprocessing) மூலம் எட்டு ரன்களை எட்டு கோரில் ஓட விடுங்கள், ஒவ்வொன்றும் தனிப் பிராசஸ் என்பதால் ஜிஐஎல் குறுக்கே வராது. ஒரு ரன் முடியும் நேரம் குறையாது, ஆனால் ராத்திரி விட்டுவிட்டுப் போனால் காலையில் ஏறக்குறைய எட்டு மடங்கு விடைகள் இருக்கும்.

16 கோர் வாங்கலாமா என்பதற்கும் அதிலேயே சோதனை இருக்கிறது. இப்போதுள்ள மெஷினில் ஒரே ஒரு ரன் எவ்வளவு நேரம் எடுக்கிறது, எட்டும் சேர்ந்து ஓடும்போது ஒவ்வொன்றும் எவ்வளவு எடுக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, எல்லாக் கோர்களும் ஓடும்போது கிளாக் சற்று இறங்கத்தான் செய்யும், அந்த நிலையில் 16 கோர் நிச்சயம் பயன்தரும். ஆனால் ஒவ்வொரு ரன்னும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு நேரம் எடுத்தால் உங்கள் கோர்கள் மெமரிக்காக அடித்துக்கொள்கின்றன. சாதாரண டெஸ்க்டாப் பிளாட்ஃபாரத்தில் 8 கோருக்கும் 16 கோருக்கும் அதே இரண்டு மெமரி சேனல்தான் (ரேமுக்கும் சிப்புக்கும் இடையே டேட்டா போகும் பாதைகள்), எனவே அதிகக் கோர் வாங்கினால் கூட்டம்தான் கூடும். அப்போது பார்க்க வேண்டியது பெரிய எல்3 கேஷ் உள்ள சிப்பையோ, நான்கு சேனல் உள்ள திரெட்ரிப்பர் வகையையோ. அதற்கும் முன்னால், 64 பிட் எண்களை 32 பிட்டாகச் சுருக்கினால் உங்கள் விடைகளின் துல்லியம் தாங்குமா என்று பாருங்கள், மெமரிப் போக்குவரத்து அங்கேயே பாதியாகிவிடும்.